கட்டில் எங்கே கிடைக்கும், சிஸ்டர்?

(பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் 32 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றி வந்திருந்தன. குழந்தைக்கு இன்குபேட்டரில் இடம் கிடைத்துவிட்டது, பெற்றவர்களுக்குத்தான் இடமில்லை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

எங்கள் குழந்தை 28 வாரத்திலேயே பிறந்துவிட்டது. எடை 1,050 கிராம். பிறந்த இடத்தில் வசதி போதாது என்று ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நான் கூடவே வந்துவிட்டேன். ஆபரேஷன் ஆன மனைவி நான்கு மணி நேரப் பயணத் தொலைவில், முதல் மருத்துவமனையிலேயே இருக்கிறாள். நான் ஐந்து நாளாக வராந்தா நாற்காலியில் தூங்குகிறேன். "குழந்தையை மெஷின் பார்த்துக்கொள்ளும். நீ வீட்டுக்கு வந்துவிட்டு வாரம் ஒரு முறை போய்ப் பார்" என்கிறார் பெரியப்பா. மனைவியோ டிஸ்சார்ஜ் ஆனதும் நேரே இங்கே வருவேன் என்று நிற்கிறாள். வந்தால் எங்கே தங்க வைப்பது? எத்தனை நாளுக்கு?
- ஒரு தந்தை

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லா முடிவும் அதைப் பொறுத்தது. குழந்தை தானாக உடல் சூட்டைத் தக்கவைக்க வேண்டும், மூச்சை மறக்காமல் விட வேண்டும், உறிஞ்சிக் குடிக்க வேண்டும், எடை ஏற வேண்டும். இந்த நான்கும் சேர்ந்து வருவது பெரும்பாலும் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதிக்குக் கொஞ்சம் முன்னே பின்னேதான். உங்கள் குழந்தைக்கு இரண்டு மாதத்துக்கு மேல், மூன்று மாதம்கூட ஆகலாம். வராந்தாவில் படுக்கிற எல்லா அப்பாக்களும் "இன்னும் ரெண்டே நாள்" என்றுதான் படுக்கிறார்கள். இரண்டு நாள் பத்து நாளாகும், முதுகு போகும், காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் வார்டுக்குள்ளேயே விட மாட்டோம். ஆகவே நாள் கணக்கில் யோசிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள், மாதக் கணக்கில் தங்க இடம் தேடுங்கள்.

இப்போது பெரியப்பாவுக்கு வருவோம். அவர் சொன்னதை நானும் ஒரு காலத்தில் சொன்னவள்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் அது. தொலைவிலிருந்து வந்த ஒரு தாய், வார்டு வாசலில் துணியை விரித்து உட்கார்ந்திருந்தார். "இங்கே உட்கார்ந்து என்னம்மா செய்யப் போகிறீர்கள், வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள், ஏதாவது என்றால் போன் செய்கிறோம்" என்று பெரிய மனதோடு சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்ன பேச்சைக் கேட்டுப் போய்விட்டார். பன்னிரண்டு நாள் கழித்து வந்தபோது பால் வற்றியிருந்தது. பிழியப் பிழிய நாலு சொட்டு. குழந்தையைக் கையில் கொடுத்தேன், எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் தட்டை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

மெஷின் பார்த்துக்கொள்வது பாதிதான். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-79 வாக்கில் எட்கர் ரே, ஹெக்டர் மார்ட்டினெஸ் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள், இன்குபேட்டர் பற்றாக்குறையால் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டி வைத்துப் பார்த்தார்கள். அதுதான் இன்று உலகம் முழுக்க வார்டுகளில் செய்யும் கங்காரு பராமரிப்பு. இல்லாத குறைக்குச் செய்த ஏற்பாடு என்றுதான் பல காலம் பேசினார்கள். அப்புறம் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்து 2021-ல் முடிவு வெளியானது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்தவர்களை, உடல்நிலை சீராகட்டும் என்று காத்திருக்காமல் பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைத்தார்கள். வழக்கப்படி காத்திருந்து வைத்த குழந்தைகளில் முதல் 28 நாளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 15.7. உடனே வைத்த குழந்தைகளில் 12. அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? தாயின் கட்டிலைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கொண்டுவந்து போட்டார்கள். அடுத்த வருடமே உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரையாக்கியது: நாளுக்கு 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை, எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

எட்டு மணி நேரம், தம்பி. வாரம் ஒரு முறை வந்து போகிற அம்மாவால் அது நடக்காது. ஸ்டாக்ஹோமில் 366 குறைமாதக் குழந்தைகளை வைத்துச் செய்து 2010-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பெற்றோர் இரவு பகல் கூடவே தங்க வசதி கொடுத்த குழந்தைகள் சராசரியாக ஐந்து நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள். பெரியப்பாவுக்கு இந்தக் கணக்குப் புரியும் என்று நினைக்கிறேன். தங்குகிற செலவைக் குழந்தையின் சிகிச்சைச் செலவில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

சரி, இடம் எங்கே? இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள். முதலில் வார்டு சிஸ்டரிடம், "பால் கொடுக்கும் தாய்மார் தங்க வார்டை ஒட்டி அறை உண்டா?" என்று கேளுங்கள். "தங்க இடம் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் வாயில் வரும். எனக்கே வந்திருக்கிறது. தாய்மார் அறை என்று கேட்டால்தான் அந்த நாலு கட்டில் ஞாபகம் வரும். அடுத்தது மருத்துவமனையின் சமூகப் பணியாளர். இந்தப் பெயரில் ஒருவர் இருப்பதே பல பேருக்குத் தெரியாது. நோயாளியின் குடும்பத்துக்கான விடுதிகளில் பல, நீங்கள் நேரே போய் நின்றால் இடம் தர மாட்டார்கள். மருத்துவமனையிலிருந்து பரிந்துரை போக வேண்டும். வீடு எவ்வளவு தொலைவு, குழந்தை எந்தப் பிரிவில் இருக்கிறது, கூட எத்தனை பேர் என்று விவரம் கேட்பார்கள். அன்றைக்கு அறை காலி இல்லாவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் பெயரை எழுதச் சொல்லிவிட்டு, தினமும் காலையில் ஒரு போன் செய்யுங்கள். குழந்தைகள் டிஸ்சார்ஜ் ஆகிற வேகத்தில்தான் அங்கே அறை காலியாகும், அது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

மனைவி வருவதற்கு முன் இன்னொன்று செய்யலாம். அவரையும் நோயாளியாகவே இந்த மருத்துவமனைக்கு மாற்ற முடியுமா என்று இரண்டு இடத்து டாக்டர்களிடமும் கேளுங்கள். பிரசவப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருந்தால் பல நேரம் முடியும். முடியாவிட்டால் அவர் இருக்கும் இடத்திலேயே பால் பிழியத் தொடங்கட்டும். நாளுக்கு எட்டு முறை, இரவையும் சேர்த்து. முதல் சில நாள் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்தச் சொட்டு சிரிஞ்சில் வந்தாலும் எங்களுக்குத் தங்கம், கன்னத்தின் உள்பக்கம் தடவிவிடுவோம். புட்டியில் குழந்தையின் பெயர், தேதி, பிழிந்த நேரம் எழுதி, ஐஸ் பொதிகளோடு சூடு புகாத பெட்டியில் எடுத்து வாருங்கள். எத்தனை மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்பதை உங்கள் வார்டிலேயே கேளுங்கள். இன்குபேட்டர் குழந்தைக்கு வீட்டுக் குழந்தையைவிடக் கெடு கறாராக இருக்கும்.

அறை பார்க்கும்போது பகலில் பார்க்காதீர்கள். ராத்திரி மூன்று மணிக்கு, வார்டு வாசலிலிருந்து அந்த அறை வரை நீங்களே ஒரு முறை நடந்து பாருங்கள். தையல் போட்ட வயிற்றோடு உங்கள் மனைவி நடக்கப் போகிற வழி அது. விளக்கு எரிகிறதா, கேட்டைப் பூட்டுகிறார்களா, பூட்டினால் யாரை எழுப்ப வேண்டும், எத்தனை படி, நடுவில் உட்கார ஒரு திண்ணையாவது உண்டா என்று பாருங்கள். கிலோமீட்டர் கணக்கு இதில் உதவாது. ஒரு கிலோமீட்டர் தள்ளி, ராத்திரியும் வண்டி கிடைக்கிற அறை, எதிர்ப்புறமே இருந்தும் பத்து மணிக்குக் கதவடைக்கிற அறையைவிடக் கிட்டே இருப்பதாகத்தான் அர்த்தம். அறைக்குள் பால் பம்ப் போட பிளக் பாயிண்ட் கட்டிலுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். புட்டி வைக்க ஃபிரிட்ஜ் வேண்டும். போன் சிக்னல் வேண்டும், அதுவும் கட்டிலில் படுத்திருக்கும்போதே. டாக்டர் கூப்பிடுவது எப்போதும் அந்த நேரத்தில்தான்.

உங்கள் மனைவியும் ஆபரேஷன் ஆனவர் என்பதை மறந்துவிடாதீர்கள். காய்ச்சல், தையலில் நீர் கசிவு, அதிக ரத்தப்போக்கு, கடும் தலைவலி, ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம், மூச்சுத் திணறல், இதில் ஏதாவது வந்தால் "குழந்தையைப் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம்" என்பார். விடாதீர்கள். உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

மருத்துவமனைக்குப் பக்கத்தில், குழந்தைகளின் பெற்றோருக்கான விடுதியில் ஏழு வாரமாக இருக்கிறேன். ஒன்பது குடும்பம், ஒரே சமையலறை. முதலில் நிம்மதியாக இருந்தது. இப்போது மாலையானால் "இன்னைக்கு எத்தனை கிராம்?" என்பதுதான் பேச்சு. என் மகள் ஏறவில்லை என்றால் அறையை விட்டு வெளியே வரப் பிடிக்கவில்லை. போன வாரம் பக்கத்து அறைக்காரரின் குழந்தை இறந்துவிட்டது. அவர் சாமான்களை எடுக்க வந்தபோது நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டேன். நான் செய்தது தவறுதானே?
- பெயர் வேண்டாம்

அம்மா, கதவைச் சாத்தியது பயத்தில். உங்கள் இடத்தில் இருக்கிற யாருக்கும் வரக்கூடிய பயம். ஆனால் அது உங்களை உறுத்துகிறது என்று எழுதியிருப்பதால், செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். அவருடைய எண் உங்களிடம் இருக்கும். "அன்று வெளியே வர எனக்குத் தைரியம் இல்லை, மன்னியுங்கள், உங்கள் குழந்தையை நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன்" என்று ஒரு வரி அனுப்புங்கள். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லி எழுதுங்கள். இறந்த குழந்தையின் பெயரைச் சொல்ல எல்லாரும் தயங்குவார்கள், பெற்றவர் அதைக் கேட்கத்தான் ஏங்குவார். இதை என்னிடம் பல தாய்மார் சொல்லியிருக்கிறார்கள். "எல்லாம் நல்லதுக்கே", "அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும்" இந்த மாதிரி எதுவும் வேண்டாம். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

கிராம் கணக்குக்கு வருவோம். வார்டில் நாங்கள் ஒரு நாள் எடையை வைத்து எதையும் முடிவு கட்டுவதில்லை. எடை பார்த்தது சிறுநீர் போவதற்கு முன்னா பின்னா, குழாய் ஒயர் எல்லாம் கழற்றினார்களா தூக்கிப் பிடித்தார்களா, இதிலேயே பத்து இருபது கிராம் ஓடிவிடும். வாரக் கணக்கில் கோடு மேலே போகிறதா என்றுதான் பார்ப்போம். நீங்களும் இனி வாரம் ஒரு நாள் மட்டும் எடையைக் கேளுங்கள், மற்ற நாளில் "இன்று எவ்வளவு நேரம் மார்பில் வைத்துக்கொள்ளலாம்?" என்று கேளுங்கள். சமையலறையில் யாராவது எத்தனை கிராம் என்றால், "சனிக்கிழமைதான் கேட்பேன்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவுங்கள். ஒருவர் சொன்னால் போதும், மறுவாரமே இன்னும் இரண்டு பேர் அதையே சொல்வார்கள்.

இன்னொன்று. தூக்கமே வராமல், குழந்தையைப் பார்க்கவும் மனமில்லாமல், அழுகை நிற்காமல் இரண்டு வாரம் ஓடினால் அது விடுதியின் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்தும் உண்டு. வார்டு டாக்டரிடமே வாயைத் திறந்து சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒரு முறை எட்டிப்பார்த்தாலும் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே, அந்த நிமிடமே.

பேரன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். மகளும் மருமகனும் ஒரு சின்ன அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். நாங்கள் ஐந்து பேர் ஒரு வாரம் போய்க் கூட இருக்கலாம் என்று இருக்கிறோம். என்னென்ன எடுத்துப் போகலாம்?
- ஒரு தாத்தா

ஐயா, நான்கு பேரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சின்ன அறையில்தான் உங்கள் மகள் இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து பால் பிழிகிறார். ஐந்து பேர் போனால் அந்த உட்காரும் இடமும் போய்விடும், அப்புறம் வந்தவர்களைக் கவனிப்பது யார்? சளி, இருமல் இல்லாத ஒருவர் போகட்டும். போனவர் மருமகனைப் பிடித்து ஒரு முழு ராத்திரி தூங்க வைக்கட்டும். துணி துவைப்பது, பார்மசி வரிசையில் நிற்பது, விசாரிக்கிற சொந்தக்காரர் போனுக்கெல்லாம் தான் பதில் சொல்வது, இவ்வளவு போதும். மகளுக்கு மூத்த குழந்தை ஒன்று இருந்தால், அதை வீட்டில் வைத்து வழக்கம் மாறாமல் பார்த்துக்கொள்பவர்தான் எல்லாரையும்விடப் பெரிய உதவி செய்கிறார். அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் பின்தெருவில் எங்கள் பூர்வீக வீடு சும்மா கிடக்கிறது. கீழே இரண்டு அறை, மாடியில் மூன்று. பச்சிளங்குழந்தைகளின் பெற்றோர் தங்கக் கொடுக்கலாம் என்று எனக்கும் என் தங்கைக்கும் ஆசை. அனுபவம் கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?
- அக்கா தங்கை

இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். உங்களைப் போலத்தான் ஒரு வீட்டில் தொடங்கியது அமெரிக்காவில். ஃபிலடெல்ஃபியாவில் ஃப்ரெட் ஹில் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரின் மகளுக்கு ரத்தப் புற்றுநோய். மகளோடு மருத்துவமனையில் இருந்தபோது, மற்ற பெற்றோர் வராந்தாவிலும் நாற்காலியிலும் தூங்குவதைப் பார்த்தார். அதே நகரத்தில் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் ஆட்ரி எவன்ஸ், மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு வீடு வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து, மெக்டொனால்ட்ஸ் என்ற உணவகத் தொடரின் பண உதவியோடு 1974 அக்டோபரில் ஒரு வீட்டைத் திறந்தார்கள். அதுதான் முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ். பேரைப் பார்த்து விளம்பரம் என்று நினைத்தவள்தான் நானும். இன்று பல நாடுகளில் அப்படிப்பட்ட வீடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, தங்குபவர்களில் குறைமாதக் குழந்தைகளின் பெற்றோர் ஏராளம்.

தொடங்குவது மருத்துவமனையிலிருந்து. சமூகப் பணியாளரையும் பச்சிளங்குழந்தைப் பிரிவின் தலைமைச் செவிலியரையும் பார்த்து, "உங்கள் பரிந்துரை இல்லாமல் யாரையும் சேர்க்க மாட்டோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாருக்கு அறை, யாருக்கு இல்லை என்ற முடிவு உங்கள் தலையில் விழக் கூடாது. விழுந்தால் மூன்று மாதத்தில் நீங்கள் வீட்டைப் பூட்டிவிடுவீர்கள், எனக்குத் தெரியும். அனுமதி, தீ பாதுகாப்பு, காப்பீடு எல்லாம் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கீழ் அறை இரண்டையும் முதலில் திறங்கள், மாடியை அப்புறம் பார்க்கலாம். ஆபரேஷன் ஆன தாய்க்குப் படி ஆகாது. பால் பிழிய ஒரு மூலை, சாய்மானமுள்ள நாற்காலி, கதவுக்குத் தாழ்ப்பாள். ஃபிரிட்ஜில் குடும்பத்துக்கு ஒரு மூடி போட்ட டப்பா, மேலே பெயர். பம்ப் பாகங்களைக் கழுவப் பாத்திரத் தொட்டி வேண்டாம், அறைக்கு ஒரு தனிப் பேசினும் பிரஷ்ஷும் வாங்கி வையுங்கள். வாசலிலேயே கை கழுவச் சோப்பு. இருமல் காய்ச்சலோடு யாரும் தங்கக் கூடாது என்ற விதியைச் சேரும் நாளிலேயே சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் சொன்னால் சண்டையாகும்.

எத்தனை நாள் தங்கலாம் என்று ஆரம்பத்தில் கெடு வைக்காதீர்கள், குழந்தை டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் காலி செய்ய வேண்டும் என்று மட்டும் வையுங்கள். குழந்தை இறந்துபோன குடும்பத்துக்கு அந்த விதி கிடையாது. அவர்கள் கிளம்புகிறபோது கிளம்பட்டும். அந்த ஒரு இடத்தில் யாரும் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி உங்கள் ஆட்களைப் பழக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பின்கதவு. வீடு பின்தெருவில் என்கிறீர்கள். மருத்துவமனைக்கு அந்தப் பக்கம் ஒரு கேட் இருக்கும், ராத்திரியில் அதைப் பூட்டியிருப்பார்கள். அறைக்கு வர்ணம் அடிப்பதற்கு முன்னால் நிர்வாகத்திடம் பேசி அந்தக் கேட்டுக்கு ஒரு காவலரையோ சாவியையோ வாங்கப் பாருங்கள். கேட் திறந்த அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், வந்து நடந்து பார்க்கிறேன். மூன்று மணிக்குத்தான் வருவேன், விடியற்காலை மூன்று.